ஏழு வருஷம் காத்திருக்கும் பீப்பாய்: ஜூரா மலையடிவாரத்தின் மஞ்சள் ஒயின், ஒரு நிகழ்வு ஆய்வு

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு ஞாபகம் வந்தது திராட்சை இல்லை, வெந்தயம். வாணலியில் போட்டுச் சிவக்க வறுத்து, இன்னும் ஒரு நொடி விட்டால் கசந்துவிடும் என்று அவசரமாக இறக்குவோமே, அந்த நேரத்து வாசனை. பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலையடிவாரத்தில், அர்புவா என்ற சின்ன ஊரில், ஒரு வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த நிலவறையில் நிற்கிறேன். சுற்றிலும் பீப்பாய்கள்தான், மசாலா டப்பா எதுவும் கண்ணில் படவில்லை. ஊற்றிக் கொடுத்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், இது எங்கள் வீட்டு அடுப்படி மாதிரி மணக்கிறது என்று. அவருக்கு அது புதுசாக இல்லை. "கறி வாசனைதானே? நிறையப் பேர் சொல்வார்கள்" என்றபடி அடுத்த பீப்பாய்க்குப் போய்விட்டார்.

அது என் பிரமையும் இல்லை. வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பது சோட்டோலோன் என்ற ஒரு வேதிப்பொருள். வெந்தயம் நிறையச் சாப்பிட்ட மறுநாள் வியர்வையில் ஒரு வாடை வருமே, அதற்கும் இதுதான் காரணம். ஒரு லிட்டரில் மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 1970களில் ஆய்வாளர்கள் இதே பொருளை ஜூராவின் மஞ்சள் ஒயினில் கண்டுபிடித்தார்கள். வெள்ளைத் திராட்சையை மட்டும் வைத்துச் செய்த ஒரு பானத்தில் வெந்தயத்தின் ஆவி எப்படி வந்து குடியேறியது என்பது ஒரு கேள்வி. நான்கைந்து ஹெக்டேர் வைத்திருக்கிற ஒரு குடும்பம் ஏழு வருஷம் விற்க முடியாத ஒரு சரக்கை ஏன் செய்கிறது, செய்து எப்படிப் பிழைக்கிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் ஆர்வம் அதிகம், ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அது புரியாது.

முதலில் பெயர். பிரெஞ்சில் வேன் ஜோன். ஸ்கூல் வேன் ஓட்டும் ஜான் அண்ணனைக் கூப்பிடுவது போல இருக்கும், பொருள் 'மஞ்சள் ஒயின்', அவ்வளவுதான். இனி மஞ்சள் ஒயின் என்றே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மேற்கே உலகமே கொண்டாடும் பர்கண்டி, கிழக்கே சுவிஸ் எல்லை, நடுவில் தெற்கு வடக்காக 80 கிலோமீட்டர் போல நீளும் ஒரு ஒல்லியான சரிவு. ஜுராசிக் காலம் என்று டைனோசர்களோடு சேர்த்துச் சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த மலையிலிருந்து போனதுதான். காலுக்குக் கீழே சாம்பல் நிறத்திலும் நீலம் கலந்த கருப்பிலும் சுண்ணாம்புக் களிமண், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே 20,000 ஹெக்டேர் அளவுக்குத் திராட்சை இருந்தது. அப்புறம் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி வந்தது, ரயில் வந்து தெற்கத்தி மலிவு ஒயினைக் கொண்டுவந்து இறக்கியது, முதல் உலகப்போர் வந்து ஆட்களைக் கொண்டுபோனது. இன்றைக்கு மிச்சம் 2,000 ஹெக்டேர் வாக்கில். பத்தில் ஒரு பங்கு. பிரான்ஸ் முழுதும் செய்கிற ஒயினில் இது ஒரு ஓரத்துத் துளி.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இந்தத் துளிதான் முன்வரிசை. நம் புவிசார் குறியீடு மாதிரி பிரான்ஸில் ஒயினுக்குப் பிறப்பிடப் பெயர் உரிமை கொடுக்க ஆரம்பித்தபோது, 1936 மே 15 அன்று அறிவித்த முதல் தொகுப்பிலேயே அர்புவா இருந்தது. அதே மாதம் 29ஆம் தேதி ஷாத்தோ-ஷலோன் என்ற இன்னொரு ஜூரா கிராமம். ஏமாற்றிக் கலப்படம் செய்து இந்தப் பெயரில் விற்றவர்களோடு பல காலம் மல்லுக்கட்டிய ஊர்க்காரர்கள் அதற்குள் களைத்துப் போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாலாடை போல ஒரு படலம்

மஞ்சள் ஒயினுக்கு ஒரே ஒரு ரகத் திராட்சைதான், சவாஞான். பர்கண்டிக்காரர்கள் பயன்படுத்தும் ஷார்டொனே கூடாது. பக்கத்துக் கன்னிமடத்துத் துறவிகள் ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மரபணு சோதனை அந்தக் கதையைக் கலைத்துவிட்டது. இது ஐரோப்பாவின் மிகப் பழைய ரகங்களில் ஒன்றான ட்ராமினரேதான். தடித்த தோல், மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கடைசிவரை இறங்காது. அறுவடை பெரும்பாலும் அக்டோபர்வரை இழுக்கும். அந்தப் புளிப்புதான் ஆறு வருஷத்துக்குத் தாக்குப் பிடிக்கிறது.

நொதித்து முடிந்த ஒயினை 228 லிட்டர் பழைய ஓக் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். இங்கிருந்துதான் இவர்கள் உலகத்தோடு ஒத்துப் போகாமல் பிரிகிறார்கள். மற்ற ஊர்களில் பீப்பாய்க்குள் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்று பட்டால் ஒயின் கெடும், காடியாகும், அதனால். மஞ்சள் ஒயினில் நிரப்பவே கூடாது, அது விதி. குறைகிற இடத்தில் காற்று உட்காரும். அந்தக் காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவே, காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல, ஈஸ்ட் ஒரு படலமாக வளரும். பிரெஞ்சில் இதற்குத் திரை என்று பெயர். எனக்கு ஆடை என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் பார்க்கவே அப்படித்தான் இருக்கிறது.

சில நிலவறைகளில் வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு பீப்பாயின் முகப்பில் கண்ணாடி பதித்திருப்பார்கள். அர்புவாவில் நான் பார்த்ததும் அப்படி ஒன்று. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், ஒயினின் மேல் சாம்பல் பூத்த, சுருக்கம் விழுந்த, மெல்லிய தோல். ஆறிப்போன கஞ்சியின் மேல் படிவதை இன்னும் மெல்லிசாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிய்ந்த துணுக்குகள் அடியில் வண்டலாகக் கிடந்தன. அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். யாரோ மறந்துவிட்டுப் போன பாத்திரம் மாதிரி இருந்தது.

அந்த ஆடை செய்கிற வேலை இரண்டு. காற்று முழுவதுமாக ஒயினைத் தாக்காமல் தடுப்பது ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக ஆல்கஹாலைத் தின்று, அசிட்டால்டிஹைடு என்று கல்லூரியில் படித்தோமே, அந்தப் பொருளாக மாற்றுவது இன்னொன்று. பச்சை ஆப்பிள், வால்நட் வாசனை இதிலிருந்து வருகிறது. இதுவும் வேறொரு அமிலமும் சேர்ந்து வருஷக்கணக்கில் மெதுவாக வினைபுரிந்துதான் நம் சோட்டோலோன் பிறக்கிறது. சும்மா வேகப்படுத்தி எடுத்துவிட முடியாது. வெந்தயத்தின் மணம் விதையிலேயே இருக்கிறது. இங்கே அதே மணத்துக்கு ஆறு குளிர்காலம் தேவைப்படுகிறது.

குளிர்காலம் என்று சும்மா சொல்லவில்லை. ஒயின் நிலவறை என்றால் வருஷம் முழுக்க ஒரே குளுமையில் இருக்க வேண்டும் என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். இங்கே வெயிலில் சூடேறிக் குளிரில் நடுங்கும் இடமாகப் பார்த்து வைக்கிறார்கள், பரணில்கூட வைப்பதுண்டு. ஈஸ்ட் வெயிலில் வளரும், குளிரில் ஓய்ந்து உதிரும், அடுத்த வசந்தத்தில் மறுபடி படியும். ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரிலும் ஷெர்ரி செய்ய இப்படி ஆடை வளர்க்கிறார்கள், ஆனால் அவர்கள் மேலே திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலை உயர்த்துவார்கள். ஜூராவில் எதுவும் சேர்ப்பதில்லை.

சட்டப்படி, அறுவடைக்குப் பிறகு வரும் ஆறாவது வருஷத்து டிசம்பர் 15 வரைக்கும் வைத்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் ஆடைக்குக் கீழே. அதன்பின் ஜனவரியில்தான் கடைக்குப் போகலாம். போகிற பாட்டிலும் தனி. கிளாவ்லான் என்று பெயர், குட்டையான கழுத்து, அகன்ற தோள், மற்ற எல்லோருக்கும் 75 சென்டிலிட்டர் என்றால் இதற்கு மட்டும் 62. ஒரு லிட்டர் ஊற்றினால் ஆறு வருஷத்தில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது ஊர்க் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் பாட்டில் அளவுகளை ஒழுங்குபடுத்தியபோது இதற்கு மட்டும் விலக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கணக்கு

இனி என் கேள்வி. தோராயமாக நானே போட்ட கணக்கு இது, எந்தப் பண்ணையின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை.

ஒரு குடும்பம் வருஷத்துக்குப் பத்து பீப்பாய் சவாஞான் எடுத்து வைக்கிறது என்று வைப்போம். அதாவது 2,280 லிட்டர். சாதாரண வெள்ளை ஒயினாக அடுத்த வருஷமே பாட்டிலில் அடைத்தால் சுமார் 3,040 பாட்டில், பாட்டில் 15 யூரோ என்றால் 45,000 யூரோவுக்கு மேல் கைக்கு வரும். மஞ்சள் ஒயினாக விட்டுவைத்தால் 2,280 கிளாவ்லான், 40 யூரோ வீதம் 90,000 யூரோவைத் தாண்டும். அடேயப்பா, இரட்டிப்பு! ஆனால் அந்தப் பணம் வர ஐந்தாறு வருஷம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், பத்து பீப்பாயும் பிழைத்து வந்தால்தான் அந்தத் தொகை. பிழைக்காது. ஆடை சரியாகப் படியாமல் போகும், காடிப் புளிப்பு ஏறும். அதனால் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் அவ்வப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நான்கு பீப்பாய் பாதியில் உதிர்ந்துவிட்டால் இரட்டிப்பு என்பது ஒன்றேகால் மடங்கு பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேல், ஒவ்வொரு வருஷமும் பத்து பீப்பாய் சேர்ந்துகொண்டே போக, எந்த நேரத்தில் எண்ணினாலும் அறுபது எழுபது பீப்பாய் விற்காத சரக்கு நிலவறையில் கிடக்கும். வங்கிக்காரர் இதைக் கையிருப்பு என்று பார்ப்பாரா, முடங்கிய முதல் என்று பார்ப்பாரா என்பது அவர் ஜூராக்காரரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் எப்படி ஓடுகிறது? மஞ்சள் ஒயினை மட்டும் செய்கிறவர் யாரும் இல்லை என்பதுதான் பதில். நான் போன நிலவறையில் நான்கைந்து ஹெக்டேரில் ஏழெட்டு விதமான ஒயின் வைத்திருந்தார்கள். முதலில் எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. இவ்வளவு சின்ன இடத்தில் எதற்கு இத்தனை? ஆனால் ஒவ்வொன்றும் எப்போது காசாகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது.

சிவப்புகள் முதலில் காசாகும். பூல்சார் என்று ஒரு ரகம், தோல் அவ்வளவு மெல்லிசு, ஒயின் நன்னாரி சர்பத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்த நிறத்தில் இருக்கும், அதைச் சிவப்பு என்று சொல்ல மனசு வராது. பக்கத்துப் புப்பிலான் கிராமம் தன்னை இந்த ரகத்தின் உலகத் தலைநகர் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. ட்ரூசோ என்ற இன்னொரு ரகம் இன்னும் கொஞ்சம் முறுக்கானது. இந்தச் சிவப்புகளும், நுரைக்கும் கிரெமானும், ஷார்டொனேயும் ஓரிரு வருஷத்தில் விற்றுப் பணமாகி மாதச் செலவைப் பார்த்துக்கொள்கின்றன. நடுவில், மூன்று நான்கு வருஷம் ஆடைக்குக் கீழே இருந்துவிட்டு, மஞ்சள் ஒயினாகும் அளவுக்குத் தேறாது என்று முடிவான பீப்பாய்கள் வெறும் சவாஞான் என்றோ, ஷார்டொனேயோடு கலந்தோ வெளியே வந்துவிடும். தோற்றவை என்று நினைக்காதீர்கள். என் நாக்குக்கு அவைதான் அன்றாடம் சாப்பாட்டோடு குடிக்கச் சரியாக இருந்தன, விலையும் பாதி.

மிச்சம் மீதியும் வீணாகாது. பிழிந்த சக்கையிலிருந்து சாராயம் காய்ச்சி, அதை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு திராட்சைச் சாற்றில் கலந்தால் மாக்வான், சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற இனிப்பு. நல்ல குலைகளைத் தேர்ந்தெடுத்து ஆறு வாரமாவது வைக்கோலிலோ தட்டுகளிலோ பரப்பி, இல்லை கட்டித் தொங்கவிட்டு, வற்றவைத்துப் பிழிந்தால் வைக்கோல் ஒயின். நூறு கிலோ திராட்சைக்கு பதினைந்திலிருந்து பதினெட்டு லிட்டர் கிடைத்தால் பெரிசு, அதையும் மூன்று வருஷம் வைத்திருந்து சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் நோய் கண்டு எழுந்தவர்களுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் இதைக் கொடுப்பார்களாம். நல்லா இருந்தது, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் எனக்குத் திகட்டியது.

ஆக ஒரு வருஷச் சரக்கு, மூன்று வருஷச் சரக்கு, ஏழு வருஷச் சரக்கு என்று மூன்று கடிகாரம் ஒரே வீட்டில் ஓடுகிறது. மஞ்சள் ஒயினை எடுத்துவிட்டால் அந்த வீடு வேறு ஆயிரம் பண்ணைகளில் ஒன்று. மற்றவற்றை எடுத்துவிட்டால் மஞ்சள் ஒயின் வெளியே வருவதற்குள் வீடு ஏலத்துக்குப் போயிருக்கும்.

இதில் இன்னும் கடுமையான ஒரு கிராமம் ஷாத்தோ-ஷலோன். செங்குத்துப் பாறை உச்சியில் கோயில் மாதிரி உட்கார்ந்திருக்கும், கீழே சரிவில் ஐம்பது ஹெக்டேர் பரப்பில் திராட்சை. அந்தப் பெயரில் மஞ்சள் ஒயினைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது, ஹெக்டேருக்கு 3,000 லிட்டருக்கு மேலும் கூடாது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாக நடந்து பழத்தைப் பார்க்கும். 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு வருஷம், இந்தத் தடவை பழம் சரியில்லை, யாரும் ஷாத்தோ-ஷலோன் செய்யப்போவதில்லை என்று ஊரே சேர்ந்து முடிவெடுத்தது. ஒரு வருஷ வருமானத்தின் உச்சியைத் தாங்களே வெட்டிவிடுவது சும்மா இல்லை. மற்ற இரண்டு கடிகாரம் ஓடியதால்தான் அவர்களால் முடிந்தது என்று நினைக்கிறேன், பெருந்தன்மை மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

பாஸ்டர், ஒரு கிளைக்கதை

அர்புவாவில் எங்கே திரும்பினாலும் லூயி பாஸ்டர். 1822இல் பக்கத்தில் 'தோல்' என்ற பெயருள்ள ஊரில் பிறந்தவர், வளர்ந்தது இங்கே, தோல் பதனிடும் அப்பாவின் வீடு ஆற்றோரம் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சு ஒயின் வழியில் கெட்டுப்போகிறது, ஏனென்று பாருங்கள் என்று மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, 1860களில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்தவற்றில் தன் ஊர் ஒயின்கள் முக்கியமானவை. லேசாகச் சூடுபடுத்தினால் கிருமி சாகும் என்ற வழி அங்கேதான் உருவானது, இன்றைக்கு நம் பால் பாக்கெட்டில் அச்சாகி வருகிற அதே பாஸ்டர்தான். 1874இல் ஊருக்கு வெளியே ஒரு சின்னத் திராட்சைத் தோட்டமும் வாங்கினார்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. ஒயினைக் கிருமியிடமிருந்து காப்பாற்றிய ஆளின் ஊர் ஒயின், கிருமி மேலே ஆடையாகப் படிந்தால்தான் ஒயினாகிறது. காடியாக்கும் படலம் வேறு, இந்தப் படலம் வேறு என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்துச் சொன்னவரும் அவர்தான். ஊர்க்காரர்கள் அதற்கு முன் நூறு வருஷத்துக்கும் மேலாக மூக்கால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1774ஆம் வருஷத்து மஞ்சள் ஒயின் பாட்டில் ஒன்று 2018இல் ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது. அதே வருஷத்து இன்னொரு பாட்டிலை 1994இல் நிபுணர்கள் திறந்து சுவைத்து, நன்றாகவே இருக்கிறது என்று பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மார்க் போட்டிருக்கிறார்கள்.

சாப்பாடு இல்லாமல் நிற்காது

மஞ்சள் ஒயினைத் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தால் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் முதல் வாய் பிடிக்கவில்லை, மணம் இழுத்தது, நாக்கு பின்வாங்கியது. சர்க்கரை சுத்தமாகக் கிடையாது, புளிப்பு கூர்மை, உப்புக் காற்று மாதிரி ஒன்று, விழுங்கிய பிறகும் பல நிமிஷம் போகாது. அந்த அம்மா பேசாமல் ஒரு பலகையில் சீஸ் வெட்டி வைத்தார். கொந்தே, இருபது மாதம் போல முதிர்ந்தது. பல்லில் படும்போது உப்புக்கல் மாதிரி நறநறவென்று ஒன்று, அது உப்பில்லை, முதிர்ந்த சீஸில் அமினோ அமிலம் இறுகிய படிகம். ஒரு துண்டு, ஒரு வாய். அவ்வளவுதான், இரண்டும் இடம் மாறிக்கொண்டன. சீஸின் கொழுப்பு ஒயினின் கூர்மையைச் சாப்பிட்டது, ஒயின் சீஸுக்குள் இருந்த வால்நட்டை வெளியே கொண்டுவந்தது. கூட உண்மையான வால்நட் இரண்டும் வைத்திருந்தார். முதல் வாயில் முகம் சுளித்தவன் பாட்டில் விலை கேட்டேன்.

இது தற்செயல் இல்லை. மேலே மலையில் மாடு, கீழே சரிவில் திராட்சை. ஒரு கொந்தே சக்கரம் 40 கிலோ போல, அதற்கு 400 லிட்டர் பால் வேண்டும், எந்த ஒற்றை விவசாயியின் தொழுவத்திலும் அன்றாடம் அவ்வளவு பால் கிடைக்காது. அதனால் மத்திய காலத்திலிருந்தே பாலை ஒன்றாகச் சேர்த்துச் சீஸ் செய்கிற ஊர்க் கூட்டுறவு, அதற்கு ஃப்ருத்தியேர் என்று பெயர். பூச்சி திராட்சையை அழித்த பிறகு, 1906இல் அர்புவாவின் திராட்சைக்காரர்கள் சேர்ந்து கூட்டுறவு தொடங்கியபோது சீஸ்காரர்களின் அதே சொல்லையே எடுத்துக்கொண்டார்கள், ஃப்ருத்தியேர் வினிக்கோல். பிரான்ஸின் ஆரம்பகால ஒயின் கூட்டுறவுகளில் ஒன்று, இன்றும் ஓடுகிறது. சொந்தமாகப் பீப்பாய் அடுக்கி ஏழு வருஷம் காத்திருக்க வசதி இல்லாத சின்னக் குடும்பத்துக்கு, காத்திருப்பைப் பங்கு போட்டுக்கொள்ள இது வழி.

சமையலில் பெரிய பெயர் கோழிக்கு. பக்கத்து ப்ரெஸ் வட்டாரத்துக் கோழி, இல்லாவிட்டால் நாட்டுச் சேவல், கூட மோரெல் காளான். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் காளானைப் பெரும்பாலும் உலர்த்தியே வாங்குகிறார்கள், பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வெந்நீரில் ஊறவைத்து, மண் போக அலசி, ஊறிய தண்ணீரை வடிகட்டி எடுத்துவைக்க வேண்டும். கோழித் துண்டுகளை வெண்ணெயில் பொன்னிறமாகப் புரட்டி, ஒயின் ஊற்றி, காளானும் அந்தத் தண்ணீரும் சேர்த்து மெதுவாக வேகவிட்டு, கடைசியில் கெட்டியான கிரீம். இங்கே ஒரு குறிப்பு: முழுப் பாட்டில் மஞ்சள் ஒயினைச் சட்டியில் கவிழ்க்கிற சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள், காசுக்குப் பிடித்த கேடு. வேகவைக்க மலிவான சவாஞான் போதும், அடுப்பை அணைக்கிற நேரத்தில் ஒரு சின்னக் கிளாஸ் மஞ்சள் ஒயின் சேர்த்தால் மணம் அப்படியே நிற்கும். பெருங்காயத்தை எப்போது போடுவது என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

ஆற்று ட்ரவுட் மீனுக்கும் இதே மாதிரி கிரீம் சாறு. பூல்சாருக்கு மோர்த்தோ புகைத்த சாஸேஜும் உருளைக்கிழங்கும். வரிசையிலும் இவர்கள் தலைகீழ், மற்ற ஊரில் வெள்ளைக்குப் பிறகு சிவப்பு, இங்கே சிவப்பைக் குடித்து முடித்த பிறகுதான் வெள்ளை, ஏனென்றால் மஞ்சள் ஒயினுக்குப் பிறகு பூல்சாரைக் குடித்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். மஞ்சள் ஒயினைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துக் குடித்தால் ஒன்றும் தெரியாது. 15 டிகிரி வாக்கில், சில மணிநேரம் முன்னாலேயே திறந்து வைத்துவிட வேண்டும்.

வெந்தயத்தின் உறவு மனதில் அரித்துக்கொண்டே இருந்ததால் பாரிஸ் திரும்பிய பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். லா ஷப்பேல் கடைத்தெருவில் தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் கிடைக்கும். முதலில் மீன் குழம்பு, புளி தூக்கலாக. படுதோல்வி. புளியும் ஒயினின் புளிப்பும் வாய்க்குள் கட்டிப்புரண்டு சண்டை போட்டன, மிளகாய் இரண்டையும் எரித்தது. வத்தக் குழம்பை முயற்சி செய்யவே தைரியம் வரவில்லை. மறுநாள் யாழ்ப்பாண நண்பர் ஒருவரின் அம்மா சொன்னபடி சொதி: வெங்காயம், பச்சைமிளகாய் இரண்டே இரண்டு, மஞ்சள், வெந்தயம் ஒரு சின்னக் கரண்டி, தேங்காய்ப்பால், இறக்கும்போது தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சில சொட்டு. இது பிடித்துக்கொண்டது. கிரீம் செய்கிற வேலையைத் தேங்காய்ப்பால் செய்தது, வெந்தயம் ஒயினுக்குள் இருக்கிற தன் சொந்தக்காரனை அடையாளம் கண்டுகொண்டது. நண்பரின் அம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். "இது பழுதாப் போச்சு தம்பி" என்று கிளாஸைத் திருப்பித் தந்துவிட்டார், சொதியை மட்டும் சாப்பிட்டார்.

திறந்த பாட்டில் சமையலறை மூலையில் மூன்று வாரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆறு வருஷம் காற்றோடு பழகியது, இன்னும் மூன்று வாரத்துக்கு என்ன செய்துவிடும்.

இந்த முறையின் பலவீனம் ஏப்ரல் மாதத்து உறைபனி. தளிர் விட்ட பிறகு ஒரு இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனால் போதும். 2017இல் அடித்தது, 2021இல் இன்னும் மோசமாக, 2024இல் உறைபனியும் மழையும் பூஞ்சையும் சேர்ந்துகொண்டு ஜூராவின் விளைச்சலை முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 70 சதவீதம் குறைத்தன. வருஷத்துச் சரக்கு இல்லாமல் போகும்போது நிலவறையில் கிடக்கிற பழைய பீப்பாய்கள்தான் குடும்பத்தை நடத்துகின்றன. முடங்கிய முதல் என்று நான் மேலே கிண்டல் செய்தது உண்மையில் அவர்களுடைய சேமிப்பு. ஆனால் எடுக்க எடுக்கக் குறையும், ஒரு கெட்ட வருஷத்தின் ஓட்டை ஏழு வருஷம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்.

1997லிருந்து பெரும்பாலும் வருஷா வருஷம் பிப்ரவரியில், முறை வைத்து ஒவ்வொரு கிராமமாக, புது மஞ்சள் ஒயின் பீப்பாயைத் திறக்கும் திருவிழா நடத்துகிறார்கள். 2025 பிப்ரவரியில் திறந்தது 2018ஆம் வருஷத்தது, விளைச்சல் நன்றாக இருந்த வருஷம். அர்புவாவில் நான் போன அந்த நிலவறையில் 2021 என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய பீப்பாய்கள் எத்தனை என்று எண்ணினேன். இரண்டு. அவை 2028இல் வெளியே வரும். 2024க்கு எத்தனை என்று கேட்டேன், அந்த அம்மா ஒரே ஒரு விரலைக் காட்டிவிட்டு, அதுவும் தேறினால்தான் என்பது போலக் கையை ஆட்டினார்.